அரை இஞ்ச் பைப்பும் அடுத்த வீட்டுத் தண்ணீரும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பாத்ரூமைப் புதுப்பித்த பிறகு ஷவரில் தண்ணீர் ஏன் குறைகிறது?" என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பிளம்பர் அல்ல, இன்ஜினியரும் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். சாயந்திரம் கேஷ் டேலி ஆகவில்லை என்றால் நாங்கள் யார் மேலும் பழி போட மாட்டோம். வவுச்சரை ஒவ்வொன்றாக எடுத்து டிக் அடித்துக்கொண்டே வருவோம். வித்தியாசம் எங்கேயாவது ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஷவர் விஷயத்திலும் நான் செய்தது அதைத்தான். ஒரு 10 லிட்டர் பக்கெட், ஒரு கடிகாரம், ஒரு நோட்டு. வேறு கருவி எதுவும் கிடையாது.

நம் பிளாக்கில் கடந்த ஒரு வருடத்தில் மூன்று வீடுகளில் பாத்ரூமை உடைத்துப் புதிதாகக் கட்டினார்கள். புது டைல்ஸ், புது பைப், சுவருக்குள்ளே மறைத்து வைத்த டைவர்ட்டர், தலைக்கு மேலே தட்டு மாதிரி பெரிய மழை ஷவர். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று வீட்டிலும் ஒரே புகார்: "முன்னாடி வந்த தண்ணிகூட இப்ப வரலை."

மூன்றாவது மாடியில் ஒரு வீட்டில் இது பெரிய மனக்கஷ்டமாகப் போய்விட்டது. தலைப்பிரசவத்துக்கு வரப்போகும் மகளுக்காகச் செலவு செய்து கட்டிய பாத்ரூம் அது. வேலை முடித்த பிளம்பரைக் கூப்பிட்டுக் கேட்டால், "அண்ணாச்சி, பைப்பெல்லாம் புதுசு. நம்ம வேலையில குறை கிடையாது. மேல டேங்க்ல பிரஷர் இல்ல. ஒரு பிரஷர் பம்ப் மாட்டிருங்க, பிச்சிக்கிட்டு வரும்" என்றார். ஒரு நாள் காலையில் பம்பைக் கொண்டுவந்து மாட்டியும் பார்த்தார்கள். பிய்த்துக்கொண்டுதான் வந்தது. ஆனால் அதே நேரத்தில் நேர் கீழே இரண்டாவது மாடியில், படுத்த படுக்கையாக இருக்கும் கணவரைக் குளிப்பாட்டுவதற்காகப் பக்கெட்டைக் குழாயடியில் வைத்த அம்மாவுக்குத் தண்ணீர் பாதியாகிவிட்டது. அன்று மாடிப்படியில் இரண்டு வீட்டுக்கும் நடந்த வாக்குவாதம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நான் அதற்குள் போகவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. இரண்டு பேருக்கும் கணக்கு மட்டும் தெரியவில்லை. அந்தக் கணக்கைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

முதல் கணக்கு, உயரம். தண்ணீரின் அழுத்தம் டேங்க் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதைப் பொறுத்தது அல்ல. டேங்கில் தண்ணீரின் மேல்மட்டம் குழாயின் வாயை விட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே பொறுத்தது. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்த பாஸ்கல் என்ற அறிஞர் இதை விளக்கினார். அழுத்தத்தின் அலகுக்கே இன்று அவர் பெயர்தான். 1,000 லிட்டர் டேங்கை எடுத்துவிட்டு அதே மேடையில் 5,000 லிட்டர் டேங்க் வைத்தால் தண்ணீர் அதிக நேரம் வரும். வேகமாக வராது.

சுமார் 33 அடி உயரத்துத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தத்தைப் பிளம்பர்கள் "ஒரு கிலோ" என்பார்கள். அப்படியானால் 10 அடிக்கு 0.3 கிலோ. நம் மொட்டை மாடியில் டேங்க் 5 அடி மேடையில் நிற்கிறது. டேங்கில் தண்ணீர் சராசரியாக 2 அடி இருக்கிறது என்று வையுங்கள். மூன்றாவது மாடிக்காரருக்கு ஷவர் தரையிலிருந்து 7 அடியில் இருக்கிறது, கூரை 10 அடி. ஆக, கூரைக்கும் ஷவருக்கும் 3 அடி, மேடை 5 அடி, தண்ணீர் 2 அடி. மொத்தம் 10 அடி. அவருக்குக் கிடைப்பது 0.3 கிலோ. அதற்குக் கீழே ஒவ்வொரு மாடிக்கும் 10 அடி கூடுகிறது. இரண்டாவது மாடிக்கு 0.6, முதல் மாடிக்கு 0.9, தரைத்தளத்துக்கு 1.2 கிலோ. ஒரே டேங்க், ஒரே பராமரிப்புக் கட்டணம். ஆனால் மேல் வீட்டுக்குக் கிடைக்கும் அழுத்தம் தரைத்தளத்தில் நாலில் ஒரு பங்குதான். இது யாருடைய வஞ்சகமும் இல்லை, பூமியின் இழுப்பு.

கடையில் விற்கும் பெரிய மழை ஷவர்கள் பலவற்றின் அட்டைப் பெட்டியில் குறைந்தபட்சம் எவ்வளவு அழுத்தம் தேவை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அரை பார், ஒரு பார் என்று இருக்கும். ஒரு பாரும் பிளம்பர் சொல்லும் ஒரு கிலோவும் ஏறக்குறைய ஒன்றே. 0.3 கிலோ உள்ள வீட்டில் ஒரு பார் கேட்கும் ஷவரை மாட்டினால், அது மழை பெய்யாது, தூறும். வாங்குவதற்கு முன் அந்த ஒரு வரியைப் படிப்பது, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் வட்டி விகிதத்தைப் படிப்பது மாதிரி.

இரண்டாவது கணக்கு, பைப்பின் வயிறு. இது பலருக்குத் தெரியாது. நம் கட்டடத்தில் முன்பு இருந்தது ஜி.ஐ. என்கிற இரும்புக் குழாய். அதில் "அரை இஞ்ச்" என்றால் உள் விட்டம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். இப்போது எல்லோரும் போடுவது சி.பி.வி.சி. துரு பிடிக்காது, சுடுதண்ணீர் தாங்கும், நல்ல சரக்குதான். ஆனால் அதில் "அரை இஞ்ச்" என்று விற்கும் பைப்புக்கு, சுவர் தடிமன் போக உள் விட்டம் ஏறக்குறைய 12.5 மில்லிமீட்டர்தான். பெயர் ஒன்று, வயிறு வேறு. விட்டத்தில் மூன்றரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். தண்ணீர் போகும் பரப்பைக் கணக்குப் போட்டால் 40 சதவீதம் குறைந்துவிடுகிறது. அதே அளவு தண்ணீரைத் தள்ள ஆகும் உராய்வு இழப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது.

பழைய இரும்புக் குழாய் துருவேறி உள்ளே சுருங்கியிருந்தால் புதுக் குழாயில் தண்ணீர் கூடவே வரும். அது ஓரளவு நன்றாக இருந்திருந்தால், புதுசு போட்டதும் குறையும். ஆகவே இரும்பை எடுத்துவிட்டு சி.பி.வி.சி. போடும்போது, மேல் மாடிக்காரர்கள் டைவர்ட்டர் வரைக்கும் முக்கால் இஞ்ச் போடச் சொல்லுங்கள். அதன் உள் விட்டம் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். பொருளின் விலையில் வித்தியாசம் பெரிதாக இருக்காது. டைல்ஸ் ஒட்டிய பிறகு மாற்றுவதென்றால்தான் பெரிய செலவு. ஒவ்வொரு எல்போவும் கொஞ்சம் அழுத்தத்தைத் தின்னும் என்பதையும் மறக்க வேண்டாம். சுவரில் அழகுக்காக நாலு திருப்பம் திருப்பினால், 0.3 கிலோ உள்ள வீட்டில் அது பெரிய நஷ்டம்.

மூன்றாவது, குப்பை. வேலை நடக்கும்போது பைப்பை அறுத்த தூள், ஒட்டும் சொல்யூஷனின் கட்டி, டெஃப்லான் டேப்பின் நூல், மணல், சிமெண்ட் எல்லாம் உள்ளே போகும். ஷவரை மாட்டும் முன் பைப்பை நன்றாகத் திறந்துவிட்டுக் கழுவ வேண்டும். கழுவாமல் மாட்டினால் அத்தனையும் ஷவர் கழுத்தில் உள்ள வலையில் வந்து உட்காரும். அந்த வலைக்குப் பக்கத்தில் சிறிய பிளாஸ்டிக் வில்லை ஒன்று சில ஷவர்களில் இருக்கும். தண்ணீரை மிச்சப்படுத்துவதற்காக ஓட்டத்தைக் குறைக்கும் வில்லை அது.

இந்த வில்லைக்கு உலக அளவில் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் 1992-ல் வந்த சட்டம், ஒரு ஷவரில் நிமிடத்துக்கு 2.5 கேலன், அதாவது சுமார் 9.5 லிட்டருக்கு மேல் வரக்கூடாது என்றது. ஷவரில் தண்ணீர் போதவில்லை என்ற புலம்பல் அங்கே முப்பது வருடமாக ஓயவில்லை. கடைசியில் 2025 ஏப்ரல் 9 அன்று அதிபர் டிரம்ப் ஷவர் அழுத்தத்துக்கென்றே ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்துப் போட்டார். ஆக, நம் மூன்றாவது மாடிப் பிரச்சினை வெள்ளை மாளிகை வரை போன பிரச்சினைதான். நம் பக்கத்தில் காற்று எதிர்த்திசையில் அடித்தது. 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, பெங்களூர் குடிநீர் வாரியம் அடுக்குமாடிகள், ஓட்டல்கள் போன்ற இடங்களின் குழாய்களில் ஓட்டத்தைக் குறைக்கும் ஏரேட்டரைக் கட்டாயமாக்கியது. இந்த வில்லை அழுத்தம் அதிகமுள்ள இடத்தில் நல்ல பொருள். 0.3 கிலோ வீட்டில் அது மெலிந்தவனுக்குப் பட்டினி போடுவது போல.

நான்காவது, உப்பு. நம் போர் தண்ணீரின் குணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீசரின் உள்ளேயும் ஷவர் துளையிலும் வெள்ளையாகப் படிகிறதே, அது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்கிறது. குளிக்கிற தண்ணீருக்கு இந்த அளவு கட்டாயமில்லை என்றாலும், அதைத் தாண்டிய தண்ணீர் ஷவர் துளையைச் சீக்கிரம் அடைக்கும். மாதம் ஒரு முறை ஷவர் தலையைக் கழற்றி, வினிகரும் தண்ணீரும் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும். இரவு முழுவதும் ஊறவைத்தால் முலாம் கெடக்கூடும். குத்தூசியால் குத்த வேண்டாம், துளை பெரிதாகித் தண்ணீர் கோணலாகப் பீய்ச்சும்.

இனி, எந்த வவுச்சரில் வித்தியாசம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வரிசையாகப் போங்கள்.

வீட்டில் எல்லாக் குழாயிலும் தண்ணீர் குறைவா? அப்படியானால் உங்கள் வீட்டுக்கு வரும் கேட் வால்வைப் பாருங்கள். வேலைக்காக மூடிய பிளம்பர் பாதிதான் திறந்துவிட்டுப் போயிருக்கலாம். வால்வு சரி, ஆனால் தண்ணீர் விட்டுவிட்டுத் துப்புகிறது என்றால் பைப்பில் காற்று அடைத்திருக்கலாம். புதுப் பைப்பை வாசலுக்கு மேலே ஏற்றி இறக்கியிருந்தால், அந்த மேட்டில் காற்று தங்கும்.

ஒரு பாத்ரூமில் மட்டும் குறைவா? அந்தப் பாத்ரூமுக்குப் போகும் பைப், வால்வு இரண்டையும் பாருங்கள். சுடுதண்ணீர் மட்டும் குறைவா? கீசருக்குக் கீழே உள்ள ஆங்கிள் காக், ஒரு வழி வால்வு, உள்ளே படிந்த உப்பு, இந்த மூன்றில் ஒன்று. ஷவரில் மட்டும் குறைவா? ஷவர் தலையைக் கழற்றி, வெறும் குழாயில் பக்கெட்டைப் பிடியுங்கள். நேரத்தைக் குறியுங்கள். கீழே உள்ள பக்கெட் குழாயிலும் பிடியுங்கள். அது ஷவரை விட 5 அடி தாழ்வாக இருப்பதால் கொஞ்சம் வேகமாகத்தான் வரும். அந்தக் கொஞ்ச வித்தியாசத்தைப் பிரச்சினையாக எடுக்காதீர்கள்.

அந்த மூன்றாவது மாடி வீட்டில் என் நோட்டில் எழுதிய கணக்கு இது. 10 லிட்டர் பக்கெட் நிறைய, பக்கெட் குழாயில் 1 நிமிடம் 5 விநாடி. மழை ஷவரில் 4 நிமிடம் 10 விநாடி. ஷவர் தலையைக் கழற்றிவிட்டு வெறும் குழாயில் 1 நிமிடம் 40 விநாடி. பார்த்தீர்களா? சுவருக்குள்ளே பைப் கொஞ்சம் குறுகல்தான், ஆனால் பெரிய குற்றவாளி ஷவர் தலை. வலையைக் கழற்றித் தட்டினோம். உள்ளங்கையில் டெஃப்லான் நூலும் நீலத் தூளும் விழுந்தன. வில்லையையும் எடுத்துவிட்டு மாட்டியபோது 2 நிமிடம் 20 விநாடி. பிறகு குறைந்த அழுத்தத்துக்கென்று விற்கும் சிறிய ஷவர் தலையை மாட்டினார்கள். 1 நிமிடம் 45 விநாடி. அதற்கு ஆன செலவு பம்பின் விலையில் ஒரு சிறு பகுதி. ஒரு டைல் கூட உடைக்கவில்லை. பெரிய தட்டு இப்போது பரணில் இருக்கிறது.

இனி பம்பு விஷயம். நம் பாத்ரூம்களுக்கு மாடியிலிருந்து இறங்குவது ஒரே பைப். மூன்று, இரண்டு, ஒன்று என்று வரிசையாக அதிலிருந்துதான் எல்லோரும் கிளை எடுக்கிறோம். மேல் வீட்டில் பம்பு ஓடும்போது அது தண்ணீரை உருவாக்குவதில்லை. அந்தப் பொதுப் பைப்பிலிருந்து உறிஞ்சுகிறது. கிளை பிரியும் இடத்தில் அழுத்தம் விழுந்தால், கீழே உள்ளவர்களுக்கும் அதே அளவு விழும். பம்பு ஓடிய அன்று இரண்டாவது மாடி அம்மா வீட்டில் 55 விநாடியில் நிறைந்துகொண்டிருந்த பக்கெட் 1 நிமிடம் 40 விநாடி எடுத்தது. ஊரில் குடிநீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் நகராட்சி வந்து மோட்டாரைப் பறிமுதல் செய்கிறதே, அதே காரணம்தான். நகராட்சிக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் இருக்க முடியாது.

பம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. மேல் மாடிக்காரருக்கும் குளிக்க உரிமை உண்டு. வைப்பதென்றால் டேங்கிலிருந்தே தனிப் பைப் இறக்கி, அதில் வைக்கட்டும். கீசர் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று அதன் மேலுள்ள தகட்டில் எத்தனை பார் எழுதியிருக்கிறது என்று பார்க்கட்டும். பழைய பைப், பழைய ஜாயிண்ட் கசிந்தால் கீழ் வீட்டுக் கூரைதான் நனையும், அதற்கும் பொறுப்பேற்கட்டும்.

"டேங்க் மேடையை உயர்த்தினால் என்ன?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 5 அடி உயர்த்தினால் மூன்றாவது மாடிக்கு 10 அடி 15 அடியாகும், பாதிக்குப் பாதி லாபம். ஆனால் 5,000 லிட்டர் தண்ணீர் என்றால் 5 டன். அதைத் தூண்களின் மேலும் பீம்களின் மேலும்தான் நிறுத்த முடியும். கட்டட இன்ஜினியர் பார்த்துச் சொல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது.

இன்னொரு கணக்கையும் சொல்லியாக வேண்டும். நம்மில் பலர் பரளச்சி, திருச்சுழி பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். கரிசல் காடு, மழை பெய்தால் கண்மாய், பெய்யாவிட்டால் வெறும் வெடிப்பு. ஊருணியில் தெளிந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடத்தில் சுமந்த கை நம் வீட்டு மூத்த பெண்களின் கை. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். நகரங்களுக்கு மத்திய அரசின் குடிநீர்க் கையேடு சொல்லும் அளவு 135 லிட்டர். பம்பு வைத்த மழை ஷவரில் நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டினால், 5 நிமிடத்தில் 60 லிட்டர். பரளச்சியில் ஒரு ஆளுக்குச் சமையலுக்கும் குடிப்பதற்கும் துவைப்பதற்கும் குளிப்பதற்கும் சேர்த்து ஒதுக்கிய ஒரு நாள் தண்ணீரை விட அது அதிகம். நம் ஊருக்கே குடிநீர் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீராக மாவட்டம் தாண்டி வருகிறது. போர் வற்றிய மாதங்களில் லாரித் தண்ணீருக்கு நாம் கொடுத்த பணம் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நிமிடத்துக்கு 6 லிட்டர் நேராகத் தலையில் விழுந்தால் திருப்தியாகக் குளிக்கலாம். நமக்குத் தேவை அந்த 6 லிட்டர் மேல் மாடிக்கும் தவறாமல் கிடைப்பதுதான்.

ஆகவே சங்கத்துக்கு நான்கு யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, பாத்ரூம் வேலை தொடங்கும் முன் சங்கத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன அளவு பைப், என்ன ஷவர் என்பதை அதில் எழுத வேண்டும். இரண்டு, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒரு நாள் பைப்பைத் திறந்துவிட்டுக் கழுவி, பக்கெட் வைத்து அளந்து, அந்த எண்ணைப் பிளம்பரிடம் எழுதி வாங்கிக்கொண்டு பாக்கிப் பணத்தைக் கொடுக்க வேண்டும். மூன்று, பொது இறக்குப் பைப்பில் யாரும் பம்பு வைக்கக் கூடாது. நான்கு, துருவேறிக் கிடக்கும் அந்தப் பொதுப் பைப்பை அடுத்த நிதியாண்டில் பெரிய அளவில் மாற்ற இப்போதிருந்தே கார்பஸ் நிதியில் ஒதுக்க வேண்டும். நான்காவதைச் செய்யாமல் மூன்றாவதை மட்டும் செய்தால், அது மேல் மாடிக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

வாட்ச்மேன் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இந்த வாரம் ஒரு நாள் காலை 7 மணிக்கு, எல்லோரும் குளிக்கும் நேரத்தில், உங்கள் வீட்டு ஷவரில் 10 லிட்டர் பக்கெட் நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து வீட்டு எண்ணுடன் எழுதுங்கள். எல்லா வீட்டுக் கணக்கும் வந்துவிட்டால், பைப்பை எந்த இடத்தில் முதலில் மாற்ற வேண்டும் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். அடுத்த கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டுகிறேன்.